பசியை வரைந்த கைகள்

நாட்டில் நேர்ந்த பேரிடரை அரசு ஒப்புக்கொள்ள மறுக்கும்போது, அந்தப் பேரிடர் தன்மீது சுமத்தும் கடமைகளையும் சேர்த்தே மறுத்துவிடுகிறது. இறந்தவர்கள் நோயால் இறந்தவர்களாகவும், ஊரைவிட்டு ஓடியவர்கள் வேலை தேடிச் சென்றவர்களாகவும் ஏடுகளில் பதிவாகின்றனர். அத்தகைய காலத்தில், கண்ட காட்சியைக் கண்டவாறே பதிந்து வைப்பவன் செய்யும் பணி அரசியற்பணியே ஆகும். அவன் கையிலிருப்பது தூரிகையாக இருப்பினும் அதன் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை.

1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் இதற்குச் சான்று. பர்மா சப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பகைவர் கைக்கு எதுவும் சிக்கலாகாது என்ற போர்க்கால ஆணையின்படி, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் கடலோர மாவட்டங்களில் பறிக்கப்பட்டன. ஆறுகளே சாலைகளாக உள்ள நிலத்தில் படகைப் பறிப்பது மீனவரின் பிழைப்பையும் நெல்லின் போக்குவரத்தையும் ஒருங்கே அறுப்பதாயிற்று. 1942 அக்டோபரில் வீசிய புயல் மிட்னாபூர் மாவட்டத்தைச் சிதைத்தது. விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. இத்தனைக்குப் பின்னரும் பஞ்ச நிவாரண விதிகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. மாண்டோர் 15 இலட்சம் என்றது பின்னாளில் அமைந்த விசாரணைக் குழு. ஏறக்குறைய 30 இலட்சம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

போர்க்காலத் தணிக்கையின் பிடியில் செய்தி இதழ்கள் இருந்தன. அந்நிலையிலும் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ், ஆங்கிலேயரான அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்சின் துணிவினால், தெருவோரத்தில் மாய்ந்துகொண்டிருந்தோரின் நிழற்படங்களை 1943 ஆகஸ்ட் 22 அன்று வெளியிட்டது. இதழ்த் தொழிலில் உள்ள நாம் அந்த நாளை நன்றியுடன் எண்ணுகிறோம். எனினும் அந்தப் படங்கள் காட்டியது நகரத்தை. அந்த மக்கள் எந்தச் சிற்றூர்களிலிருந்து நடந்து வந்தார்களோ அந்தச் சிற்றூர்கள் இருளிலேயே கிடந்தன.

அந்த ஆண்டு நவம்பரில் மிட்னாபூருக்குச் சென்ற ஓவியர் சித்தபிரசாத், எந்தக் கலைப் பள்ளியிலும் பயிலாதவர். முப்பது வயதை எட்டாதவர். கறுப்பு மையும் தாளுமே அவருடைய கருவிகள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும் முதியவர், கூரை சரிந்த குடிசை, காலிப் பாத்திரத்தின் அருகே அமர்ந்த பெண் என்று கோடு கோடாகப் பதிந்தார். வரைந்ததோடு நில்லாமல், தாம் கண்டவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து குறித்துவைத்தார். இதனை நாம் மிகப் பெரிதாக மதிக்கிறோம். அரசின் கணக்கில் ஓர் எண்ணாகக்கூட ஏறாதவன் அந்தத் தாளில் பெயருள்ள குடிமகனாக நின்றான். ஓவியங்களும் பயணக் குறிப்புகளும் அடங்கிய ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறுநூல் ஆங்கிலத்தில் அச்சானது. அச்சிட்ட 5,000 படிகளில் ஏறத்தாழ அனைத்தையும் அரசு பறிமுதல் செய்து அழித்தது. பேரரசையே கட்டி ஆண்டவர்கள் ஒரு சிறுநூலுக்கு அஞ்சினார்கள் எனில், கோட்டின் வலிமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு படியைக்கொண்டு 2011இல் மறுபதிப்பு வந்தது.

அதே காலத்தில் கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த செய்னுல் ஆபிதீன், பொருள் கட்டும் மலிவான தாளில், உலர்ந்த தூரிகையால், குப்பைத்தொட்டியில் காக்கைகளோடு சோற்றுக்குப் போட்டியிட்ட மனிதரை வரைந்தார். அதுவரை வங்க ஓவியத்தில் ஓங்கியிருந்தது மென்னிற நீர்வண்ணம். புராணமும் பழம்பெருமையும் அதன் பொருள்கள். அந்த மரபைத் தாழ்த்திப் பேசுவது நம் நோக்கமன்று. அதுவும் அந்நிய ஆட்சிக்கு எதிரே தன்மானத்தை நிறுத்திய கலைதான். ஆயினும் தெருவில் பிணம் கிடக்கையில் அந்த மென்மை போதவில்லை என்பதை இளையோர் உணர்ந்தனர்.

இந்த ஓவியங்கள் பஞ்சத்தை நிறுத்தினவா என்று கேட்பவர் உண்டு. நிறுத்தவில்லை. வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு படையினரை நிவாரணப் பணியில் இறக்கியதும், ஆண்டிறுதியில் அறுவடை வந்ததுமே உடனடித் துயரைத் தணித்தன. அதன் பின்னரும் கொள்ளைநோய்கள் உயிர்களைக் கொண்டுபோயின. கலை ஒரு படி அரிசியைக்கூட விளைவிப்பதில்லை. ஆனால் அந்த ஆட்சி தன் குடிகளைக் காத்தது என்று இனி எவரும் வாதிட இயலாதபடி அது செய்தது. வரலாறு எழுதுவோர் இன்றளவும் அந்தத் தாள்களைச் சான்றாகக் கொள்கின்றனர்.

விளைவு அத்துடன் முடியவும் இல்லை. பிரிவினைக்குப் பின் டாக்காவுக்குச் சென்ற செய்னுல் ஆபிதீன் 1948இல் அங்கே கலைக் கல்விக்கூடம் ஒன்றைத் தோழர்களுடன் நிறுவினார். 1952 பிப்ரவரி 21 அன்று வங்கமொழிக்காக உயிர்நீத்தோருக்கு அந்நகரில் எழுந்த நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர் ஓவியர் ஹமீதுர் ரகுமான். சிற்பி நொவேரா அகமதும் அப்பணியில் பங்கேற்றார். 1971 மார்ச்சில் பாகிஸ்தான் படையினர் அந்தச் சின்னத்தைத் தகர்த்தனர். கல்விக்கூடத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான காம்ருல் அசன், பாகிஸ்தானின் ஆட்சித்தலைவர் யாகியா கானை அரக்க முகத்துடன் தீட்டிய சுவரொட்டி வங்கதேச விடுதலைப் போரின் முகமாகவே ஆயிற்று. 1972இல் புதிய நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைக் கையெழுத்தில் எழுதி அணிசெய்தபோது, அந்த ஓவியப்பணிக்குத் தலைமை தாங்கியவர் குப்பைத்தொட்டியையும் காக்கையையும் வரைந்த அதே செய்னுல் ஆபிதீன்தான்.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். சித்தபிரசாத் பொதுவுடைமைக் கட்சியின் இதழுக்காகவே ஊர் ஊராகச் சென்றார். கட்சியின்றி அவர் அங்கே சென்றிருக்கவும் முடியாது. ஆனால் பின்னாளில் கட்சியிலிருந்து விலகிய அவர் பம்பாயின் புறநகரில் வறுமையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார். இயக்கங்கள் கலைஞனைப் பயன்கொள்வதில் காட்டும் விரைவைக் காப்பதில் காட்டுவதில்லை. அவனைப் பாதுகாக்கும் கடமை பொது நிறுவனங்களுக்கே உரியது.

ஆகவே இரண்டினை வலியுறுத்துகிறோம். பஞ்சகால ஓவியங்கள் தனியார் சேகரங்களிலும் ஏலக்கூடங்களிலும் சிதறிவிடாமல், அரசு அருங்காட்சியகங்கள் அவற்றைத் தேடிப் பெற்று, மக்கள் கட்டணமின்றிக் காணுமாறு வைக்க வேண்டும். பள்ளிகளின் வரலாற்றுப் பாடநூல்களில் 1943ஆம் ஆண்டைப் பற்றிய பக்கத்தில், இறப்பு எண்ணிக்கைக்கு அருகே, சித்தபிரசாத்தின் ஓவியம் ஒன்றேனும் அவர் எழுதிய குறிப்புடன் அச்சாக வேண்டும்.