ஈயிடம் ஒரு லெட்ஜர்

திங்கள், வெள்ளி என்றால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் கூட்டம். பழக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். அவரைவிடக் கொண்டாட்டம், கனிந்த பழத்தை மொய்க்கிற பொடி ஈக்களுக்கு. துண்டால் விசிறினால் பறக்கும். அடுத்த நொடி அதே சீப்பில் வந்து உட்காரும். நமக்குத் தொல்லை. சில பேருக்கு அதுதான் சார் வாழ்க்கையே!

காசி இந்து பல்கலைக்கழகத்தின் பி.என்.சிங் அப்படிப்பட்டவர். பல்லாண்டு காலம் அவர் ஆராய்ந்த ஈயின் பெயர் ட்ரோசோஃபிலா அனனாசே. ஆமாம், பெயரிலேயே அன்னாசி! அவரும் பிரன்வீர் சிங்கும் சேர்ந்து ஜம்முவிலிருந்து கன்னியாகுமரி வரை, துவாரகையிலிருந்து திப்ருகர் வரை 45 ஊர் ஈக்களை ஒப்பிட்டு 2007-ல் கணக்கு வெளியிட்டார்கள். என்ன கணக்கு? எந்த ஊர் ஈயின் குரோமோசோமில் எத்தனை 'தலைகீழ்' என்ற கணக்கு.

அதென்ன தலைகீழ்? பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம், திருச்சி. இது பஸ் ரூட். நடுவில் ஒரு துண்டை வெட்டி, திருப்பிப் போட்டு ஒட்டினால் பெரம்பலூர், பாடாலூர், சிறுவாச்சூர், சமயபுரம், திருச்சி. ஒரு ஸ்டாப்பும் தொலையவில்லை, வரிசைதான் மாறியது. குரோமோசோமில் ஜீன்களுக்கும் இப்படி நடக்கிறது. ஈயின் புழுவுக்கு எச்சில் சுரப்பியில் ராட்சத சைஸ் குரோமோசோம் உண்டு. வரி வரியாக இருக்கும். தலைகீழ்த் துண்டு இருந்தால் அங்கே ஒரு வளையம் விழும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும்.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? அப்பா வழி குரோமோசோமும் அம்மா வழி குரோமோசோமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்வது வழக்கம். ஒன்று நேர், ஒன்று தலைகீழ் என்றால் அந்த இடத்தில் கொடுக்கல் வாங்கல் கிட்டத்தட்ட நின்றுவிடும். அங்குள்ள ஜீன்கள், பாகம் பிரிக்காத சொத்து மாதிரி மொத்தமாகவே பிள்ளைக்குப் போகும். அந்தச் சொத்து வெயிலுக்குத் தோதானது என்றால், வெயில் ஊரில் அந்த வம்சம்தான் பெருகும்.

இங்கேதான் லெட்ஜர் வருகிறது. ட்ரோசோஃபிலா சபாப்ஸ்க்யூரா என்று இன்னொரு ஈ. பார்சிலோனா பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் கைகோத்து, மூன்று கண்டங்களில் 26 இடங்களில் அதைப் புதிதாகப் பிடித்து எண்ணினார்கள். அதே இடங்களில் 13 முதல் 46 வருஷம் முன்பு யாரோ எண்ணி எழுதிவைத்த கணக்கோடு டாலி பார்த்தார்கள். 22 இடங்களில் வெப்பம் ஏறியிருந்தது. அதில் 21 இடங்களில் ஈயும் மாறியிருந்தது. வெப்ப ஊருக்குரிய தலைகீழ்கள் கூடியிருந்தன. 2006-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது.

பூமி சூடாகிறதா இல்லையா என்று மனிதர்கள் மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். ஈ சத்தமில்லாமல் என்ட்ரி போட்டுவிட்டது. அதைப் படிக்க முடிந்தது, முன்னால் எண்ணியவர்கள் ஓப்பனிங் பேலன்ஸை ஒழுங்காக எழுதிவைத்ததால்தான். நம் நாட்டுக்கும் 45 ஊரின் ஓப்பனிங் பேலன்ஸ் கையில் இருக்கிறது. அதே ஊர்களில் வலையோடு மறுபடி போய், பொறுமையாக எண்ண ஆள் வேண்டும்.

ஆகவே, 'பழைய ரெஜிஸ்டரையெல்லாம் எடைக்குப் போட்டுடுங்கப்பா' என்று சொல்லும் மேனேஜர்களே, கொஞ்சம் பொறுங்கள்!