லைற் நின்றால் வருத்தம் நின்றதா?



நீண்ட பதிவு. பழைய கார் வாங்க நிற்பவர்களும் விற்க நிற்பவர்களும் வாசியுங்கள். விற்க நிற்பவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து உடுப்பிட்டிக்குப் படிப்பிக்க வரும் நாங்கள் நான்கு பேர் காசு சேர்த்து ஒரு பழைய யப்பான் கார் வாங்கினோம். 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டும் புதுக் கார் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் பொருளில்லை. ஆகவே உள்ளதைப் பார்த்து வாங்கினோம். எஞ்சின் லைற் எரியவில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கையில். வேறென்ன வேண்டும்?

விற்றவர் பொனற்றைத் திறந்து, பற்றரியில் பூட்டியிருந்த ஒரு சுவிச்சைக் காட்டினார். "சேர், இரவில இதை ஓவ் பண்ணி விடுங்கோ. பற்றரி கனகாலம் நிக்கும்." இவ்வளவு அக்கறையான மனிசன் என்று வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்தோம்.

ஒவ்வொரு நாள் காலையும் மணிக்கூடு 1:00 இல் நிற்கும். சிரித்துக்கொண்டு திருத்துவோம். நான்கு படித்த மனிதர்கள். ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

பிறகு பெற்றோல் மணம் தொடங்கியது. கராஜில் ஸ்கானர் போட்டார்கள். "ஒரு கோடும் இல்லை, கார் நல்லம்" என்றார்கள். இரண்டாவது கராஜிலும் அதே பதில். மூன்றாவது இடத்தில் ஒரு தம்பி மட்டும் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். "சேர், கோட் இல்லைதான். ஆனா இந்தக் கார் ஒரு சோதினையும் எழுதி முடிக்கேல்லை" என்றார்.

அவர் காட்டியதுதான் ரெடினஸ் மொனிற்றர். விடயம் இவ்வளவுதான். காரின் கணினி தன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தானே சோதிக்கிறது. எஞ்சின் மிஸ்ஃபயர், எரிபொருள் கலவை போன்றவற்றை ஓடும்போது தொடர்ந்து பார்க்கும். கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர், ஒட்சிசன் சென்சர் போன்றவற்றுக்குத் தக்க நேரம் பார்த்துத் தனிச் சோதனை வைக்கும். முடிந்தால் 'முடிந்தது', இல்லையென்றால் 'முடியவில்லை' என்று பதியும். யாராவது ஸ்கானரால் கோடை அழித்தாலும், பல கார்களில் பற்றரியைக் கழற்றினாலும், எல்லாம் 'முடியவில்லை' என்று திரும்பிவிடும். பெறுபேறு இன்னும் வரவில்லை என்பதும் சித்தியடைந்தார் என்பதும் ஒன்றா? எங்கள் மாணவன் அப்படிச் சொன்னால் விடுவோமா? கார் விற்பவர் சொன்னால் மட்டும் விட்டுவிட்டோம்.

அந்தத் தம்பி இன்னொரு எண்ணையும் காட்டினார்: கோட் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம். அன்று காலை யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு உடுப்பிட்டி வந்த தூரம் எவ்வளவோ, அதே எண். அதற்கு முந்திய நாட்களெல்லாம் அந்தக் காருக்கு நடக்கவேயில்லை.

அப்போதுதான் சுவிச் விளங்கியது. கட்டலிற்றிக் பழுது என்றால் கணினி உடனே லைற்றைப் போடாது. ஒரு ஓட்டத்தில் கண்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் போடும். பல கார்களில் ஒட்சிசன் சென்சர் சோதனை முடிந்த பின்னரே கட்டலிற்றிக் சோதனை தொடங்கும். அதற்கு எஞ்சின் சூடாகி, சில நிமிடமாவது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று சந்திக்குச் சந்தி பிரேக் அடித்து வரும் எங்களுக்கு அப்படி ஒரு ஓட்டம் கிடைப்பது வல்லை வெளியில் மட்டும். அங்கே கணினி பாதி எழுதிய விடைத்தாளை இரவில் நாங்களே சுவிச் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தோம். விற்றவர் செய்த களவை அவருக்காக நாங்களே ஒவ்வொரு இரவும் இலவசமாகத் தொடர்ந்து செய்திருக்கிறோம்!

சுவிச்சைக் கழற்றினோம். நான்காம் நாள் லைற் வந்தது. கோட் பி0420, கட்டலிற்றிக். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய தேன்கூட்டைக் காணவில்லை, வெறும் தகரக் கூடு. அந்தத் தேன்கூட்டில்தான் பிளாற்றினம், பலேடியம், றோடியம் பூசியிருக்கும். யாரோ காசாக்கிவிட்டார்கள். விற்றவரிடம் கேட்டோம். "நான் தரேக்க லைற் எரிஞ்சதோ சேர்? சேர்டிபிக்கேற்றும் இருந்தது தானே?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எங்களுக்கு எரிகிறது. 2008 இல் தொடங்கிய இந்தப் புகைப் பரிசோதனையில், பெற்றோல் வாகனம் என்றால் சைலன்சருக்குள் குழாயை விட்டு, ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் கார் ஒழுங்காக நின்றால் சான்றிதழ், அதைக் காட்டினால் வருமான அனுமதிப்பத்திரம். காரின் கணினியிடம் ஒரு கேள்வி கிடையாது. உள்ளே ஒன்றுமில்லாத கூட்டோடு எங்கள் காரும் அப்படித்தான் சித்தியடைந்தது.

எங்களில் ஒருவரின் மச்சான் ஸ்காபரோவில் இருக்கிறார். ஒன்ராறியோவில் 2013 தொடக்கம் காரின் கணினியில் வயரைச் செருகித்தான் பார்த்தார்களாம். மொனிற்றர்கள் முடியவில்லை என்றால் 'போய் ஓடிவிட்டு வா' என்று திருப்பி அனுப்புவார்கள். 2019 இல் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது, அது வேறு கதை. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேல். 2010 இலிருந்து வந்த கார்களில் ஸ்கானராலோ பற்றரி கழற்றியோ அழிக்க முடியாத நிரந்தரக் கோட் உண்டு. பழுது தீர்ந்ததென்று கார் தானே சோதித்து உறுதிசெய்தால்தான் அது அழியும். 2019 யூலையிலிருந்து அதையும் பரிசோதனையில் பார்க்கிறார்கள். ஊரை ஏய்க்கிறவர்கள் அங்கேயும் இருந்தபடியால்தானே அப்படியொரு பூட்டு!

இனி வழமையான பதில்கள். "யப்பான் கார் அப்பிடித்தான் சேர்." இல்லை. சில யப்பான் உள்நாட்டு மொடல்களில் சில மொனிற்றர்கள் இல்லாமலே இருக்கும், உண்மை. இருப்பவை ஒருநாளும் முடியாமல் இருப்பது அப்படியல்ல. "பற்றரி மாத்தினது." சரி, அதுவும் நடக்கும். அப்படியென்றால் ஒரு கிழமை ஓடிவிட்டுக் காட்டுங்கள். "எங்கட பெற்றோல் சரியில்லை." பெற்றோல் சரியில்லாவிட்டால் லைற் எரியலாம். மொனிற்றர் தினமும் அழியாது. பழுதைத் திருத்திய பின் மெக்கானிக் கோடை அழிப்பது முறையான வேலை, அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. திருத்தாமல் அழிப்பதைத்தான் சொல்கிறோம். பற்றரி முனை லூசாக இருந்தாலும், கணினிக்குப் போகும் பியூஸ் சரியில்லாவிட்டாலும் இதே வருத்தம் வரும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு விற்பவரைச் சந்தேகப்படுங்கள்.

றசூலுல்லாஹ் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் சனம் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அந்த வியாபாரி மழையையாவது சொன்னார். எங்களுக்கு விற்றவர் ஈரத்தை மறைக்க ஒரு சுவிச்சே பூட்டித் தந்தார்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை தரம் நாங்களே கராஜுக்குப் போய் "தம்பி, அந்த லைற்றை ஒருக்கா நிப்பாட்டி விடும்" என்று கேட்டிருக்கிறோம்? பழுதைத் திருத்து என்று கேட்டோமா? காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் வாகனங்களுக்கு நடுவால்தான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். சைலன்சரின் உயரமும் அந்தப் பிள்ளைகளின் மூக்கின் உயரமும் அவ்வளவு தூரமில்லை. காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை.

புதுக் கட்டலிற்றிக்குக் காசு சேர்க்கிறோம். அதுவரை லைற் எரிந்துகொண்டுதான் இருக்கும், அழிக்க மாட்டோம். "சுவிச்சைத் திரும்பப் பூட்டி வித்துப்போட்டு வேற எடுங்கோ சேர்" என்று ஒருவர் புத்தி சொன்னார். சுவிச் ஆசிரியர் அறை லாச்சிக்குள் கிடக்கிறது, சாவி எங்களிடம்.

ஒரு சின்ன ஸ்கானரும் வாங்கி வைத்திருக்கிறோம். உடுப்பிட்டி, நெல்லியடி, வல்வெட்டித்துறைப் பக்கம் கார் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே சொல்லுங்கள், பாடசாலை விட்ட பின் கொண்டு வருகிறோம். விற்பவர் செருக விடமாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.