பழைய பச்சைச் சுவரைச் சுரண்டுமுன்



ரமளான் நெருங்கினால் சாத்தூர்த் தெருக்களில் வெள்ளையடிப்பு வேலை தொடங்கிவிடும். ஆள் வைத்துச் செய்ய வசதியில்லாத இல்லங்களில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாமே ஏணியில் ஏறிவிடுகிறோம். மெச்சத்தக்க உழைப்புதான். எனினும், இவ்வேலையில் பூசுவதைக் காட்டிலும் சுரண்டுவதே ஆபத்தானது என்பதைப் பலர் அறிவதில்லை.

பட்டாசுத் தயாரிப்பில் காரீயம், பாதரசம், ஆர்சனிக் முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது என 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டாசை நம்பி வாழும் நம் வட்டாரத்தில் அது பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று வீட்டுப் பெயின்டுக்கும் ஒரு கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் கூடாது என்பதே அது. அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை எண்ணிக் கலங்க வேண்டாம், நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு, இது வேறு.)

சட்டம் புதிய பெயின்டைத்தான் கட்டுப்படுத்தும். சுவரில் ஏற்கெனவே ஏறியிருப்பதை என்ன செய்வது? அழுக்குப் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்று கூடத்திலும் அடுக்களையிலும் இடுப்பளவுக்குப் பச்சை எனாமல் பூசுவது முந்தைய வழக்கம். நிறம் பளிச்சிடவும் விரைவில் உலரவும் அக்காலப் பெயின்டுகளில் காரீயச் சேர்மங்களைக் கலந்தனர். காரீயக் குரோமேட் என்னும் மஞ்சளுடன் நீலம் சேர்த்துப் பச்சை உண்டாக்குவதும் உண்டு. எந்தச் சுவரில் உள்ளது, எதில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, 2017க்கு முற்பட்ட எனாமல் எதுவாயினும் காரீயம் உள்ளதாகவே கொள்வது நலம்.

அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தை அதில் கை ஊன்றி, அக்கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் காரீயத்தை மிகுதியாக ஈர்க்கும். மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் குன்றும். கருவுற்ற தாயின் இரத்தத்தின் வழியே சிசுவையும் அது சென்றடையும். தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே அறிகுறி எதுவும் தெரியாமலேயே பாதிப்பு நேரலாம் என்பதுதான் கொடுமை.

பூச்சு உறுதியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, உலரவிட்டு, அதன்மேலேயே பூசிவிடலாம். உரிந்த இடங்களை மட்டும் நீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுங்கள். நெருப்புக் காட்டி உரிப்பது கூடவே கூடாது. விழுந்த செதில்களைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். மூக்கில் கட்டும் முந்தானை இத்தூசியைத் தடுக்காது.

உட்கூரைக்குச் சுண்ணாம்பே போதும் என்போர் உண்டு. அதில் இக்கவலை இல்லை. ஆனால் அண்ணாந்து அடிக்கையில் ஒரு துளி கண்ணில் விழுந்தாலும் புண்ணாகிவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடையில் புதிய பெயின்ட் வாங்கும்போது, காரீயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேற்படவில்லை என்னும் குறிப்பு டப்பாவில் அச்சாகியுள்ளதா என்று பாருங்கள். விலை குறைவு என்று குறிப்பில்லாத டப்பாவைக் கடைக்காரர் நீட்டினால் வேறு கேளுங்கள்.