பத்தில் ஒன்று

2008. கராமாவில் ஒரு அறையில் ஆறு பேர் படுத்த காலம். பகலில் நான் ஒரு மொத்த வியாபாரக் கொம்பனியில் கணனி அலுவல் பார்த்தேன். பேர் வேண்டாம். அரிசி, பருப்பு, ரின்மீன் விற்கிற இடம், அவ்வளவுதான்.

அங்கே மைக்ரோசொவ்ற் அனலிசிஸ் சேர்விசஸ் 2005 இல் ஒரு கியூப் ஓடியது. தெரியாதவர்களுக்காக: விற்பனைக் கணக்கைச் சாமான், கிளை, மாதம், விற்பனையாளர் என்று எந்தப் பக்கத்தாலும் வெட்டிப் பார்க்கக்கூடிய தரவுத்தளம். எல்லா மொத்தங்களையும் முன்கூட்டியே கூட்டி வைக்க இடமும் நேரமும் காணாது. சனம் எதை அதிகம் கேட்குதோ அதைக் கூட்டி வைத்தால் போதும். அதை அறியத்தான் வினவல் பதிவேடு, ஓலாப் கியுவரி லொக்.

அதில் ஒரு வரியைப் பார்த்தால் 01,000,1000 என்பதுபோலப் பூச்சியமும் ஒன்றுமாக இருக்கும். ஒவ்வொரு காற்புள்ளிக்கு இடையிலும் ஒரு பரிமாணம், ஒவ்வொரு இலக்கமும் அதில் ஒரு பண்பு. ஒன்று என்றால் அந்தப் பண்பு கேட்கப்பட்டது. மாதவாரியாகக் கேட்டார்கள் என்று தெரியும். எந்த மாதம் என்று தெரியாது. பக்கத்தில் பாவனையாளர் பெயர், தொடங்கிய நேரம், எடுத்த மில்லிசெக்கன். இன்னொன்று, அமைப்பை மாற்றாவிட்டால் பத்து வினவலில் ஒன்றைத்தான் அது எழுதும்.

அந்த வருடக் கடைசியில் டுபாயில் ஆட்குறைப்புத் தொடங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆர் ஆர் இந்த சிஸ்டத்தைப் பாவிக்கினம் என்று மூன்று மாதப் பட்டியல் கேட்டார். பெயர்வாரியாக எண்ணி அச்செடுத்துக் கொடுத்தேன்.

விற்பனைப் பகுதிப் பெடியன் ஒருவனுக்கு நானூறு சொச்சம் வரி. களஞ்சியத்தில் இருந்த அண்ணைக்கு எட்டு.

அந்தப் பெடியன் எக்செல் பிவட்டில் ஒவ்வொரு பெட்டியாக இழுத்து இழுத்துப் பார்ப்பான். ஒவ்வொரு இழுவைக்கும் வினவல் போகும். ஒரே வினவல் உள்ளே பல துண்டுகளாகவும் பிரியும். அண்ணை காலையில் ஒரே ஒருக்கா கையிருப்புத் தாளைப் புதுப்பித்து இருபது பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். அந்த இருபது பேரும் நாள் முழுக்க அதை வைத்துத்தான் லொறி ஏற்றுவார்கள். அது பதிவேட்டில் வரவே வராது. போதாக்குறைக்கு செப்டெம்பர் முழுக்க றமழான், வேலை நேரமும் குறைவு.

இவ்வளவும் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. என்ர விசாவும் அதே மேசையில்தான் கிடந்தது.

விசா வெட்டினால் அப்ப முப்பது நாள். அண்ணை வவுனியாவுக்கு அங்காலை. அந்த நேரம் அவர் எங்கே திரும்பிப் போவது? திருச்சியில் மனைவியின் ஆட்கள் இருந்தபடியால் அங்கே போனார். விமான நிலையத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேரும்.

அடுத்த கிழமை பதிவேட்டில் புதுப் பெயர்கள் வரத் தொடங்கின. தாள் வராததால் ஒவ்வொருவரும் தாங்களாகவே கியூப்பைத் திறந்தார்கள். காலை எட்டு மணிக்கு சேர்வர் இழுத்தடித்தது. "திடீரெண்டு ஏன் உவ்வளவு பேர் பாவிக்கினம்?" என்று மனேஜர் சந்தோசமாகக் கேட்டார்.

இந்தப் பதிவேடு இயந்திரத்துக்கு எதைக் கூட்டி வைப்பது என்று சொல்லச் செய்தது. அதுக்குக்கூட அப்படியே நம்பக்கூடாது. வருடக் கணக்கு முடிப்பு வருடத்தில் ஒருக்காத்தான் கேட்கப்படும். மூன்று மாதப் பதிவை வைத்து அதற்கான கூட்டலை அழித்தால் ஜனவரியில் கணக்காளர் கத்துவார். மனிசரை நிறுக்கிற தராசாக அதை மாற்றுவது அநியாயம் என்பதே என் கருத்து. பதிவேட்டில் பேர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கட சனத்துக்குப் புதிதாகச் சொல்லித் தரவும் வேண்டாம்.

இப்ப பவர் பிஐ போன்றவற்றில் ஆர் எந்த அறிக்கையைத் திறந்தார் என்று பேரோடு விழுகிறது. பத்தில் ஒன்றல்ல, எல்லாம். நல்லதுதானே என்கிறார்கள். அச்செடுத்துச் சுவரில் ஒட்டின தாளை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று அதுக்கும் தெரியாது. இங்கே என்னிடம் அப்படிப் பட்டியல் கேட்டால் பெயர் நிரலை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன். பேர் வேணுமெண்டால் ஏன் என்று எழுத்தில் தாங்கோ என்பேன். இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள். எழுத்தில் ஒருவரும் தரவில்லை.