உலக முடிவா, கிரிகல்பொத்தையா? ஹோர்ட்டன் சமவெளியில் ஒருநாள் நடைக்கு எந்தப் பாதை?

2015 பிப்ரவரி. தேனிலவுக்காக இலங்கை வந்திருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர், 'உலக முடிவு' என்று பெயர்பெற்ற பாறை விளிம்பில் மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முழுக் காட்சியும் படத்தில் விழ வேண்டும் என்று ஓர் அடி பின்னால் வைத்தார். அடுத்த நொடி அவர் அங்கே இல்லை. நல்லவேளையாக, சுமார் 40 மீட்டர் கீழே மரங்கள் அவரைத் தாங்கிக்கொண்டன. ராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி, உயிரோடு மீட்டார்கள்.

அந்த விளிம்பு இருப்பது ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில். நுவரெலியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். பெயர்தான் சமவெளி, இருப்பதோ 2,100 மீட்டருக்கு மேலே! புல்வெளி, குட்டை மரக்காடு, பனிமூட்டம் என்று ஊட்டியின் மேல்பவானி பக்கம் போனவர்களுக்குப் பழகிய முகம்போலவே தெரியும். 1988-ல் தேசியப் பூங்காவானது. 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது.

இங்கே ஒரே நாளில் போய்த் திரும்ப மூன்று நடைகள் உண்டு. எது யாருக்கு?

குடும்பத்தோடு வந்தால்: உலக முடிவு

சுமார் 9.5 கிலோமீட்டர் வட்டப்பாதை. பெரும்பாலும் சமதளம்தான் என்றாலும் கல்லும் வேரும் நிறைந்தது. நின்று ரசித்து நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். 'சின்ன உலக முடிவு', சுமார் 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் உலக முடிவு, பேக்கர் அருவி என மூன்றையும் பார்த்துவிடலாம். வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடல் வரை கண்ணுக்கு எட்டும்.

ஆனால், 9, 10 மணி வாக்கில் கீழிருந்து மேகம் ஏறிவிடும். அதன்பின் போனால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதனால் பாதை பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவு பக்கம் திரும்புங்கள். அருவியைத் திரும்பும்போது பார்க்கலாம். மூடுபனியிலும் அருவி ஓடிப்போகாது. அருவிக்கு இறங்கி ஏறும் படிகள் மட்டும் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

நேரம் குறைவா? தொட்டுபொல கந்த

பட்டிப்பொல நுழைவாயில் பக்கமிருந்து தொடங்கும் சிறிய ஏற்றம். உச்சி 2,357 மீட்டர். இலங்கையின் மூன்றாவது உயரமான மலை. ஆனால், நடையே உயரத்தில்தான் தொடங்குவதால் ஏற வேண்டியது கொஞ்சம்தான். அரை நாளுக்குள் முடிந்துவிடும். உலக முடிவுப் பாதையின் கூட்டம் பிடிக்காதவர்களுக்கும், 'ஒரு சிகரமாவது தொட வேண்டும்' என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

நடந்து பழகியவர்களுக்கு: கிரிகல்பொத்த

2,388 மீட்டர். நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால், பொதுமக்கள் நடந்தே உச்சியைத் தொடக்கூடிய மலைகளில் இதுதான் உயரமானது. போக ஏழு, வர ஏழு என 14 கிலோமீட்டர் வரை நடக்க வேண்டும். சேறு, ஓடை, தலையை மூடும் புதர் எல்லாம் உண்டு. பனி இறங்கினால் பாதை குழப்பிவிடும். வழி தெரிந்தவர் இல்லாமல், தனியாகப் போக வேண்டாம். மதியத்துக்குள் உச்சி வரவில்லை என்றால், எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அடுத்த வருடமும் மலை அங்கேயேதான் இருக்கும்.

கிளம்பும் முன்...

* வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் விடிகாலையில் புல்லில் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் வேண்டும்.

* வாயிலில் பையைச் சோதித்து பாலிதீனை எடுத்துவிடுவார்கள். இட்லியோ ரொட்டியோ, டிபன் பாக்ஸில் கொண்டுபோங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் சிறந்தது.

* வழியில் கடமான் (அங்கே 'மரை' என்பார்கள்) பயமில்லாமல் பக்கத்தில் வரும். பிஸ்கட் நீட்டாதீர்கள். மனிதர் கை உணவுக்குப் பழகிய மான், காட்டை மறந்துவிடும்.

* கொழும்பு - பதுளை ரயில் பாதையில் பட்டிப்பொல, ஒஹிய நிலையங்கள் பூங்காவுக்கு அருகில் உள்ளன. ஆனால், ரயிலில் வந்து இறங்கினால் காலை நேரம் கைநழுவிப்போகும். முந்தைய இரவு நுவரெலியாவில் தங்கி, வண்டி பேசிக்கொள்வதே வசதி.

எந்தப் பாதையாக இருந்தாலும், குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தையோ அறுபத்தைந்து வயது அம்மாவோ உடன் வந்தால், அவர்கள் களைக்காமல் திரும்பும் தூரமே உங்கள் தூரம்.

கடைசியாக ஒன்று. விளிம்பில் படம் எடுப்பதாக இருந்தால் முதலில் நில்லுங்கள், பிறகு போனை எடுங்கள். போனைப் பார்த்தபடி ஓர் அடிகூட வைக்காதீர்கள். எல்லோருக்கும் கீழே ஒரு மரம் காத்திருக்காது.