வர்த்தக அளவு உயர்ந்தால் பங்கை வாங்கலாமா? சிறு முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: ரயில் நிலையமும் பேருந்து முனையமும் எதிரெதிரே அமைந்துள்ள தம்பானூரில் கூட்டம் புதிதல்ல. ஆற்றுக்கால் பொங்கல் விழாவன்று அங்கு திரளும் கூட்டத்தைப் பார்த்து, அதுவே அப்பகுதியின் அன்றாட நிலை என எவரும் முடிவு செய்வதில்லை. பங்குச்சந்தையிலோ, ஒரே நாளில் கூடிய கூட்டத்தை நம்பிச் சேமிப்பை இழப்பவர்கள் பலர்.

ஒரு நாளில் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையே வர்த்தக அளவு. ஒருவர் 10,000 பங்குகளை விற்று மற்றொருவர் வாங்கினால், அளவு 10,000 எனப் பதிவாகும். வாங்குவோர் எண்ணிக்கை கூடியதாக இதற்குப் பொருள் இல்லை. வாங்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் யாரோ ஒருவரால் விற்கப்பட்டதே.

எனவே, இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. கடந்த 20 அல்லது 30 நாள்களின் சராசரியுடன் ஒப்பிட வேண்டும். சராசரியைவிட அதிக அளவுடன் விலை உயர்ந்தால், அந்த உயர்வில் பலரது பங்கேற்பு இருக்கலாம். குறைந்த அளவுடன் விலை உயர்ந்தால், சிலரது கொள்முதலே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

கைமாறக்கூடிய பங்குகள் எத்தனை?

கொச்சி அருகே உத்யோகமண்டலில் இயங்கும் ஃபேக்ட் உர நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் சுமார் 64.7 கோடி பங்குகளில் 90 சதவீதம் மத்திய அரசிடம் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி சிறப்பு தேசிய முதலீட்டு நிதியத்திடம் இருப்பதால், பொதுமக்களிடம் உள்ளவை 1 கோடிக்கும் குறைவு. இத்தகைய பங்குகளில் தேவை சற்றே கூடினாலும் விலை வேகமாக நகரும். இது முறைகேடு அல்ல, கையிருப்பின் இயல்பு. ஆனால், பல கோடிப் பங்குகள் புழங்கும் நிறுவனத்துடன் இதன் வர்த்தக அளவை ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

செபி வெளிக்கொணர்ந்த வழக்கு

வர்த்தக அளவைச் செயற்கையாகவும் உயர்த்த முடியும். சாத்னா பிராட்காஸ்ட் நிறுவனப் பங்கு தொடர்பாக 2023 மார்ச் 2-ஆம் தேதி செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு இதை விவரிக்கிறது. ஒன்றோடொன்று தொடர்புடைய சிலரது வர்த்தகத்தால் முதலில் விலையும் அளவும் உயர்ந்தன. 2022 ஜூலையில், அந்நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கவிருப்பதாக யூடியூப்பில் பொய்த் தகவல்கள் பரப்பப்பட்டன. அளவு மேலும் பெருகியது. அந்த உயரத்தில் முக்கியப் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை விற்று வெளியேறினர். சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கையோ 2,167-லிருந்து 55,343 ஆக உயர்ந்தது.

2025 மே மாத இறுதி உத்தரவில், தொடர்புடையவர்களுக்குச் சந்தையில் ஈடுபடத் தடை விதித்த செபி, சட்டவிரோத லாபத்தை வட்டியுடன் திருப்பிச் செலுத்தவும் உத்தரவிட்டது. அதற்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

சரிபார்ப்பது எப்படி?

பங்குச்சந்தைகளின் இணையதளங்களிலேயே இதற்கான தரவுகள் கிடைக்கின்றன. முதலாவது, டெலிவரி விகிதம். மொத்த வர்த்தகத்தில் எத்தனை பங்குகள் உண்மையில் வாங்கியவரின் கணக்குக்குச் சென்றன என்பதை இது காட்டும். விகிதம் மிகக் குறைவெனில், பெரும்பகுதி அன்றே வாங்கி அன்றே விற்கப்பட்டதாகும். இரண்டாவது, பெருந்தொகுதி வர்த்தகப் பட்டியல். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் வாங்கியவர் அல்லது விற்றவரின் பெயர் இதில் வெளியாகும். மூன்றாவது, நிறுவனமே பங்குச்சந்தைக்கு அளித்த அறிவிப்பு. அளவு உயர்ந்ததற்கு அங்கு காரணம் இல்லையெனில், சமூக ஊடகத் தகவலை நம்பாமல் ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு.

விலை சரிந்து லோயர் சர்க்யூட்டை எட்டும் நாளில், விற்க நினைப்பவர்கள் ஏராளமாக இருந்தும் வாங்க ஆளின்றி வர்த்தக அளவு சுருங்கிவிடும். பங்கை வாங்கும் முன்பே, தேவைப்படும்போது அதை விற்க முடியுமா என்பதையும் முதலீட்டாளர்கள் பார்த்துக்கொள்வது அவசியம்.