சாயம் போன சட்டைக்கும் சட்டம் உண்டு

விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி வெடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களிடமே ‘சுத்தக் காட்டன்’ என்று ஆன்லைனில் பாலியஸ்டரைத் தள்ளிவிடுகிறார்கள். ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் போதும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகத் திரளும். இப்படி ஒரு துணியை விற்றுவிட்டு, ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற ஒற்றை வரியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக்கூடாது என்கின்றன 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களால் சிறு வியாபாரிகள் நொடிந்துபோகிறார்கள் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விதி மனம் மாறியவருக்கு அல்ல, ஏமாற்றப்பட்டவருக்கு. நானூறு ரூபாய்ச் சட்டைக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது என்ற தயக்கம்தான் பலரையும் வாயடைக்க வைக்கிறது. விற்றவர் சூரத்திலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது தூத்துக்குடியிலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அதற்கும் முன்னால் ஒரு போன் போதும். பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள், பில்லையும் லேபிளையும் பத்திரப்படுத்துங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.